கும்பகோணத்து டிராமா கடையும் எடிசன் வரை போன தலையாட்டி பொம்மையும்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் மாறுவேட உடைகளை வாடகைக்குத் தரும் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசல் நிலையில் ஓர் அட்டைக் கிரீடமும் ஓர் அனுமார் வாலும் தொங்கும், அதுதான் அடையாளம். அக்கம்பக்கத்துப் பாத்திரக் கடைகளில் யாரைக் கேட்டாலும் "டிராமா கடையா? நேரா போயி இடது பக்கம்" என்று கை காட்டுவார்கள்.

நான் திருவிடைமருதூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. 22 வருடமாக ஆண்டு விழா, சுதந்திர தினம், குழந்தைகள் தினம் என்று பிள்ளைகளுக்கு வேடம் கட்டி மேடையேற்றுகிறேன். வேறு பள்ளிகள் கூப்பிட்டால் நடுவராகவும் போய் உட்காருவேன். இந்தக் கடைக்கு நான் போகத் தொடங்கியே 15 வருடம் ஆகிறது. பிள்ளைக்கு மாறுவேடப் போட்டி என்றதும் செல்போனில் தேடி எதையாவது வரவழைக்கிற பெற்றோர் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாது. மூன்று பக்கமும் தகரப் பெட்டிகள். பெட்டி மேல் சாக்பீஸில் 'கிருஷ்ணர் 4-6', 'பாரதியார்', 'ஜான்சி', 'கட்டபொம்மன் பெரிசு' என்று எழுதியிருக்கும். டோபாக்கள், அதாவது பொய்முடிகள், கொடியில் வரிசையாகத் தொங்கும். அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைக்கும். போலீஸ், டாக்டர், விண்வெளி வீரர் உடைகளும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவை எங்கும் கிடைக்கிற ரெடிமேடு. அதற்காக இந்தச் சந்துக்குள் வர வேண்டியதில்லை. புராண வேடம், சரித்திர வேடம், நாட்டிய செட், கிராமத்து ஆட்டக்காரர்களின் உடை, இவைதான் இங்கே விசேஷம். குழந்தைக் கிருஷ்ணர் செட் ஒரு நாளைக்கு 200 ரூபாய், பாரதியார் 150, நகையோடு நாட்டிய செட் 500. எதற்கும் முன்பணம் 500 கட்ட வேண்டும்.

கடையை நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவருடைய அப்பா நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைத்தவர். தையல் மெஷினில் உட்காருவது பெரியவரின் மனைவி. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அந்த அம்மாதான். பெரியவர் அட்டை, மூங்கில், பசை, வர்ணம் ஆகிய வேலைகளைப் பார்த்துக்கொள்வார். கிரீடத்துக்குப் பூசும் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார், பூச்சி அரிக்காமல் இருக்க. அவர் கடையில் 20 வருடத்துக் கிரீடம் இன்னும் விறைப்பாக நிற்கிறது என்றால் அதுதான் காரணம்.

ஆனால் நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்வது உடைக்காக மட்டும் இல்லை. நாம் போய் நின்றதும் பெட்டியைத் திறக்க மாட்டார். கேள்விதான் கேட்பார். "எத்தனை புள்ளைங்க கலந்துக்கறாங்க டீச்சர்? ஒரு புள்ளைக்கு எவ்வளவு நேரம்? ஜட்ஜு மேடையிலயா, கீழயா? வெயிலா, பந்தலா?" இதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் எந்த வேடம் என்ற பேச்சே வரும். "வேஷம் அப்புறம். முதல்ல பாக்கறவன் யாரு, எங்க இருந்து பாக்கறான்?" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

நடுவராக உட்கார்ந்தவர்களுக்கு இது எவ்வளவு சரி என்று தெரியும். ஒரு போட்டியில் எனக்கு முன்னால் 31 பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்பது கிருஷ்ணர், ஐந்து பாரத மாதா, நான்கு பாரதியார். எட்டாவது கிருஷ்ணர் வரும்போது அந்தக் குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவரின் கண் தன்னையறியாமல் மதிப்பெண் தாளுக்குப் போய்விடும். பிள்ளை மேல் தப்பே இல்லை. கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திய நம்முடைய தப்பு.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்புப் பையன் ஒருவனைப் பெரியவரிடம் அழைத்துப் போனேன். அப்பா சாகுபடி கூலி வேலை, செலவு செய்ய முடியாது. பெரியவர் பையனைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுப் பார்த்தார். பையன் பேசும்போதெல்லாம் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். "இவன் தவில்காரன்" என்று முடிவு சொல்லிவிட்டார். வேட்டி, வெறும் மேலில் ஓர் அங்கவஸ்திரம், நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம், கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம். தவிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை அடிப்பாகம் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் துணி கட்டி, வார் வரைந்து கொடுத்தார். இவ்வளவும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவர் செய்த இன்னொன்றுதான் முக்கியம். தவில்காரர்கள் வலது கை விரல்களில் துணிப்பட்டையைப் பசை தடவிச் சுற்றிக் கடினமாக்கிய கூடு போட்டுக்கொள்வார்கள். பையனின் சின்ன விரல்களுக்கு அளவு பார்த்து, பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கூடு செய்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தார். இடது கையில் குச்சி. பையன் மேடையில் ஏறி வணக்கம் சொல்லவில்லை, பேசவில்லை. உட்கார்ந்தான், தவிலை மடியில் சாய்த்தான், கூடுகளை ஒவ்வொன்றாக விரலில் மாட்டினான், ஒரு தட்டுத் தட்டினான். அரங்கத்தில் இருந்த பாட்டிகள் எல்லாம் கை தட்டினார்கள். நம் தஞ்சாவூர் ஜில்லாவில் தவிலைப் பார்க்காத கண் ஏது! முதல் பரிசு. மொத்தச் செலவு 120 ரூபாய்.

அந்த விரல் கூட்டை நான் இன்னும் பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறேன். புதுப் பெற்றோர் வந்தால் எடுத்துக் காட்டுவேன். பட்டும் ஜிகினாவும் வேலை செய்யாத இடத்தில், சரியான ஒரு சின்னப் பொருள் வேலை செய்யும்.

சரி, இப்போது 2024 கதைக்கு வருகிறேன். என் தம்பி அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் இருக்கிறான். அவன் மகளுக்கு எட்டு வயது. அங்கே அக்டோபர் 31 ஹாலோவீன். பழைய கெல்டிக் மக்களின் அறுவடை முடிவுப் பண்டிகையிலிருந்து வந்தது என்பார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்களாம், அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அந்த இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அதையொட்டி நூலகம், பள்ளி, குடியிருப்பு என்று எல்லா இடத்திலும் வேடப் போட்டியும் வீட்டு அலங்காரப் போட்டியும் நடக்கும்.

அதற்கு முந்தின வருடம் தம்பி இணையத்தில் ஓர் உடை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அந்த வருடம் பிரபலமாக இருந்த சினிமா இளவரசி. போட்டிக்குப் போனால் அதே உடையில் இன்னும் ஆறு இளவரசிகள். போதாக்குறைக்கு முதுகு ஜிப் வரிசையில் நிற்கும்போதே பிய்ந்துவிட்டது. குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாளாம். 2024 ஆகஸ்டில் அவனே போன் செய்து, "அக்கா, நம்ம ஊர்லேர்ந்து ஏதாவது வித்தியாசமா செஞ்சு அனுப்ப முடியுமா?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே டிராமா கடைக்குப் போனேன்.

பெரியவர் வழக்கம் போலக் கேள்விகளில் ஆரம்பித்தார். நூலகத்து நோட்டீஸைத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான், அதை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னார். பயங்கரம், சிரிப்பு, சொந்தக் கற்பனை, வீட்டில் செய்தது என்று நான்கு பிரிவுகள். முகமூடி கூடாது, ஆயுதம் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் நடுவர்கள் முன்னால் நடந்து போக வேண்டும், பேசுவதற்கு மைக் இல்லை. "மைக் இல்லேன்னா வசனம் கெடையாது. ஆட்டம்தான்" என்றார்.

தம்பிக்கு மனசில் இருந்தது கோயில் திருவிழாவில் கட்டுகிற பச்சைக்காளி வேடம். பயங்கரப் பிரிவில் கட்டாயம் ஜெயிக்கும் என்றான். பெரியவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "அது வேண்டுதல் டீச்சர். விரதம் இருந்து கட்டறவங்க இருக்காங்க. மிட்டாய் வாங்கப் போற எடத்துக்கு அத அனுப்பக் கூடாது." வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். தம்பிக்கும் சொன்னதும் புரிந்தது.

அடுத்ததாகப் பொய்க்கால் குதிரை. தஞ்சாவூர்ச் சீமையின் ஆட்டம், பார்த்தவுடன் யாருக்கும் பிடிக்கும், எட்டு வயதுப் பெண்ணுக்கு மரக்கால் இல்லாமல் கூட்டை மட்டும் தோளில் தொங்கவிட்டால் போதும். ஆனால் குதிரைக் கூடு எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. தம்பியின் மாமியார் அக்டோபர் நடுவில் அமெரிக்கா போவதாக இருந்தது, அவருடைய ஒரு பெட்டியில் பாதி இடம்தான் நமக்கு. அப்போதுதான் அந்த அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "தலையாட்டி பொம்மை பண்ணிடுங்களேன்" என்றார்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 2008-09இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டக்காரிப் பொம்மையில் தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டு, கம்பி முனையில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். லேசாகத் தட்டினால் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் அசையும். பெரியவர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொம்மையை வாங்கி வந்து, மேஜை மேல் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். "தலை ஆடறதுல ஒண்ணும் இல்ல டீச்சர். தலை நின்ன பெறகும் பாவாடை ஆடுது பாருங்க, அதுலதான் பொம்மை இருக்கு" என்றார்.

அந்த ஒரு பார்வையிலிருந்துதான் உடை முழுக்க வந்தது. பாவாடையை இடுப்பில் கட்டவில்லை. பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு பட்டையில் தோளிலிருந்து தொங்கவிட்டார்கள். இடுப்புக்கும் பாவாடைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதனால் பிள்ளை ஓர் அசைவு அசைந்து நின்ற பிறகும் பாவாடை தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அடி விளிம்புக்கு வளையம் வேண்டும். மூங்கில் போட்டால் மடிக்க முடியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அரை அங்குலக் குழாயில் இரண்டரை மீட்டர் வெட்டி விளிம்புக்குள் கோர்த்தார். சுருட்டினால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிடும், விட்டால் வட்டமாக விரியும். வெறும் குழாய் எடை இல்லாமல் காற்றில் தூக்கும் என்பதால், எடிசன் போய்ச் சேர்ந்ததும் அதற்குள் கால் கிலோ அரிசியைக் கொட்டி, இரு முனையையும் ஒரு மரத்துண்டால் இணைத்து டேப் சுற்றச் சொன்னார். தம்பி சமையலறையில் புனல் வைத்துக் கொட்டியிருக்கிறான்.

துணி சாதாரண சிவப்பு சாட்டின். விளிம்புக்கு மட்டும் பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை. அந்த அம்மா கரையின் உள்பக்கம் ஒளியைத் திருப்பி அடிக்கும் டேப்பையும் ஒரு சுற்றுத் தைத்தார். அங்கே அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், காரோட்டிகளுக்குக் குழந்தை தெரிய வேண்டும். அதேபோல், ஸ்வெட்டர் போட்ட மேல்தான் அளவெடுக்க வேண்டும் என்று வீடியோ காலில் தம்பியை இன்னொரு முறை அளவெடுக்க வைத்தார். மார்பில் மட்டும் நாலு அங்குலம் வித்தியாசம் வந்தது. குளிரில் உடைக்கு மேல் ஜாக்கெட் போட்டு மூடிக்கொண்டு நடுவர் முன்னால் நிற்கிற பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர் என்று பிறகு தம்பி சொன்னான்.

பெரியவரின் சோதனை ஒன்று உண்டு, எந்த வேடத்துக்கும் செய்வார். வேடம் கட்டிய பிள்ளையைச் சந்து முனையில் நிறுத்துவார். எதிர் வரிசை டீக்கடை மாஸ்டரை, "டேய், அது என்னடா?" என்று கேட்பார். மாஸ்டர் உடனே சொல்லிவிட்டால் வேடம் தேறியது. யோசித்தால் பெட்டிக்குள் திரும்பிவிடும். எங்கள் பொம்மைக்கு அவருடைய பேத்தி மாடலாக நின்றாள். முதல் தடவை மாஸ்டர் "பரதநாட்டியம்" என்றார். தோற்றோம். பெரியவர் உள்ளே வந்து, பாவாடையின் விரிவை ஒரு முழம் கூட்டினார், கழுத்தை மறைக்கும்படி அகலமான பட்டைக் காலர் ஒன்று போட்டார், கன்னத்தில் ரூபாய்க் காசு அளவு சிவப்பு வட்டம் வைத்தார், கைகளைப் பொம்மை மாதிரி ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிறுத்தினார். இரண்டாவது தடவை மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே, "நம்ம தலையாட்டி பொம்மை" என்றார். தூரத்திலிருந்து தெரிவது உருவத்தின் வெளிக்கோடுதான், நகையும் நூல் வேலையும் பத்தடிக்குள் வந்தால்தான் தெரியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு ஐந்து நாள் தாமதம். அந்த வருடம் அக்டோபர் 3இல் நவராத்திரி ஆரம்பம், 11 ஆயுத பூஜை. நவராத்திரி மாதத்தில் இந்தக் கடைக்குள் கால் வைக்க முடியாது, எனக்கே அது தெரியும், ஆனாலும் "இதோ நாளைக்கு" என்று நான்கு முறை அலையவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தலை அலங்காரத்தை முதலில் காகிதக் கூழில் செய்தார். மழை மூட்டத்தில் கூழ் காயவே இல்லை, பாதி காய்ந்த நிலையில் எடை ஒரு கிலோவைத் தாண்டியது. எட்டு வயதுக் கழுத்து தாங்காது என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகுதான் ஃபோம் ஷீட்டில் வேறு செய்து கொடுத்தார். இதை அவரே முதலில் யோசித்திருக்க வேண்டும். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுதான். டோபாக்களைத் துவைத்து வைப்பதில்லை. வாடகைக்கு எடுத்தால் தலையில் ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிவிட்டு மேலே வையுங்கள். ஒருமுறை நாட்டிய செட்டில் ஒட்டியாணத்து முத்து ஒன்று விழுந்ததற்கு முன்பணத்தில் 100 ரூபாய் பிடித்துவிட்டார், அது கொடுக்கும்போதே இல்லை என்பது என் நினைவு. அதிலிருந்து வாங்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் எடுங்கள்.

உடைக்கு மொத்தம் 2,800 ரூபாய் ஆயிற்று. அதோடு நிற்கவில்லை. பெரியவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து குழந்தைக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். பணம் கேட்கவில்லை. "நாலு எண்ணு. நாலாவதுல தலைய ஆட்டு. அப்புறம் செலையா நில்லு, பாவாடை ஆடி முடியட்டும்." அவள் சும்மா சும்மா ஆட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர் திரும்பத் திரும்ப, "நிக்கறதுதான் ஆட்டம் கண்ணு" என்றார். இரண்டாவது ஞாயிறு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இன்னொன்றும் சொன்னார்: போட்டிக்கு முன்னால் வீட்டில் ஒரு மணி நேரம் முழு உடையோடு இருக்க வேண்டும், அதோடு உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கழிவறைக்குப் போய் வர வேண்டும். உறுத்துகிற ஊக்கு, நெற்றியில் இறுக்குகிற நாடா எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முகவர்ணத்தை முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்க்கச் சொன்னார். காலைப் பற்றியும் மறக்கவில்லை. கிருஷ்ணருக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு அனுப்புகிற அம்மாக்களைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். எடிசன் குளிருக்குத் தோல் நிறக் கெட்டி சாக்ஸ், அதன் மேல் மருதாணிச் சிவப்பில் வரைந்த விரல்கள்.

போட்டி அக்டோபர் 26, சனிக்கிழமை. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தம்பி குழம்பினான். கடையில் செய்ததை 'வீட்டில் செய்தது' என்று கொடுப்பது நேர்மை இல்லை என்று நான் சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான். சொந்தக் கற்பனைப் பிரிவில் சேர்த்தார்கள். மேஜையில் ஒரு நிஜத் தலையாட்டி பொம்மையை வைத்துத் தட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நின்று அவளும் ஆடினாள். பொம்மையைத் தெரியாத ஊரில் பொம்மையையே கூட்டிக்கொண்டு போனது நல்ல யோசனை, அது அந்த அம்மா சொன்னது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு, அட்டைப் பெட்டியில் வாஷிங் மெஷின் செய்து மாட்டிக்கொண்டு வந்த ஒரு பையனுக்கு. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் சாக்ஸ்களைக் கையால் சுழற்றிக்கொண்டே நடந்தானாம். வீடியோவைப் பெரியவரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, "அந்தத் தம்பிக்குத்தான் குடுக்கணும், சரியாத்தான் குடுத்திருக்காங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் துளி வருத்தம் இல்லை.

அந்த வருடம் தீபாவளியும் அக்டோபர் 31தான். காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் பொம்மை வேடத்தில் வீடு வீடாக மிட்டாய். தம்பி வாசலில் பரங்கிக்காயைக் குடைந்து வைப்பதற்குப் பதிலாக, நம் ஊர் திருஷ்டிப் பூசணி முகத்தை, முறுக்கு மீசை, கோரைப்பல், நீட்டிய நாக்கு எல்லாம் சேர்த்துப் பெயிண்டில் வரைந்து தொங்கவிட்டான். குடைந்த காய் சில நாளில் அழுகத் தொடங்கிவிடும், வரைந்த காய் கார்த்திகை வரை கெடாமல் இருந்தது. உடையோடு சேர்ந்து வாசலும் ஒரே ஊர்க்காரராக நின்றது பக்கத்து வீட்டாருக்குப் பிடித்துப்போயிற்று.

அலங்காரத்துக்கும் இந்தக் கடையில் போய்க் கேட்கலாம். அந்த அம்மா கொலு பொம்மைகளுக்கு வர்ணம் பூசித் தருவார், குட்டி உடைகள் தைத்துத் தருவார். ஒரு வருடம் கொலுப் போட்டிக்கு எங்கள் வீட்டில் குடகிலிருந்து பூம்புகார் வரை காவிரியைத் தரையில் ஓடவிட்டோம். மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, அதற்குக் கீழே முளைவிட்ட நவதானியத்தால் வயல். நான் ஏழு படியும் நிறைய பொம்மை வைத்திருந்தேன். பெரியவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பாதிப் பொம்மையை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். வாசற்படியில் நின்று பார்க்கும்போது ஆறுதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று படி விளக்குகளை அணைத்துவிட்டு, ஆற்றோரமாக மட்டும் சீரியல் லைட் போட்டார். மேட்டூர் அணைக் கதவில் 'ஜூன் 12' என்று ஒரு சின்னச் சீட்டை நான் ஒட்டினேன். நடுவராக வந்த ஒரு மிராசுதார் வீட்டு அம்மா குனிந்து அதைப் படித்துவிட்டு, பேசாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தேதிக்குத் தண்ணீர் திறக்குமா என்று காத்திருந்த வீடுகளுக்குத்தான் அது தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்தரைக்கு மேல்தான் திறப்பார்கள், மத்தியானம் இரண்டு மணி நேரம் அடைப்பு. ஆகஸ்ட் முதல் வாரமும் நவராத்திரி மாதமும் கூட்டம் தாங்காது. புதிதாகச் செய்ய வேண்டிய வேடம் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே போங்கள், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பெரியவர் பிள்ளையிடம்தான் பேசுவார். போட்டி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டி பொம்மையின் வெட்டுக் காகிதத்தை அந்த அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார், கேட்டால் தைத்துத் தருவார். ஆனால் ஒரே போட்டிக்கு இரண்டு பேர் கேட்டு வந்தால் இரண்டாவது ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள்.